பக்கத்து சீட்டு பெடல்

புது கார் விற்கிற கடையில் வேலை செய்பவனுடைய அக்கா, பழைய வண்டிகளைக் குவித்து வைத்திருக்கும் யார்டுக்குப் போய் வண்டி தேடினால் அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கடையில் என் வாய்க்கு ஒரு மரியாதை உண்டு. மழைக்கு ஒதுங்கி நின்றவர்களிடம்கூட பேசிப் பேசியே கார் விற்றிருக்கிறேன். கூடப்பிறந்தவளிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவே இல்லை.

“பெரிய திரை இருக்குக்கா. வண்டிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அதுவே காட்டும். மழை பெஞ்சா வைப்பர் தானா ஓடும்,” என்றேன்.

“மழை பெய்யறது எனக்கே தெரியும்டா. தண்ணில நின்னு போச்சுன்னா தானா ஓடுமா, அதைச் சொல்லு.”

இந்தக் கேள்வி எங்கள் விற்பனைப் பாடத்தில் கிடையாது. என் முதலாளியே திணறியிருப்பார்.

அக்கா தார்ப்பாய் தைக்கிறவள். பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில், வீட்டின் முன்னறையே அவளுக்குக் கடை. லாரிக்குத் தார்ப்பாய், வேனுக்கு சீட் உறை, கடை வாசலுக்கு நிழல் துணி என்று எது வந்தாலும் தைப்பாள். அந்தத் தையல் மெஷின் ஒரு முரட்டுப் பிறவி. பெடலை ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தினால் போதும், நான்கு மடிப்புத் துணியையும் தைத்துக்கொண்டு விரல் வரைக்கும் வந்துவிடும். அக்கா அதைப் பூனைக்குட்டி மாதிரி வைத்திருப்பாள். ஊசி எந்த ஓட்டையில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறாளோ அதே ஓட்டையில் நிற்கும். தைக்க உட்காரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத்தான் பெடலில் வைப்பாள். ஏன் என்று கேட்டால், “செருப்புப் போட்டா காலுக்குக் காது கேக்காதுடா,” என்பாள். நான் அதைப் பெரிய ஜோக்காகக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவளுடைய வீட்டுக்காரர், என் மாமா, லாரி டிரைவராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். அடுத்ததும் தவறினால் இதயம் எந்த நிமிஷமும் நின்று போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதோடு அவருக்குக் காலில் ஓயாத நடுக்கம் வேறு. திடீர் திடீரென்று கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கால் விறைத்துப் போகும். தன்னால் இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று அவராகவே ஓட்டுவதை விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆள் பாதியாகிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற லாரிகளின் சத்தத்தைக் கேட்டு, “மூணாவதுக்கு மாத்துடா, இஞ்சின் அழுவுது பாரு,” என்று முகம் தெரியாத டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் பக்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருப்பது தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு பழைய பாலம். போன வருஷ மழையில் அது மூழ்கியது. கூப்பிட்ட வாடகைக் கார் வந்தது, தண்ணீரைப் பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அடுத்த நாளும் யாரும் வரவில்லை. மாமாவால் படுக்க முடியவில்லை. தையல் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மீட்புப் படகு வந்து ஏற்றியபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் அக்கா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

“இனிமே யாராவது வருவாங்களான்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன். நமக்குன்னு ஒரு வண்டி. தண்ணி, சேறு, பள்ளம் எதுக்கும் அசராத வண்டி. நான் ஓட்டுவேன்.”

“நீயா?” என்றேன். அவள் அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

“ஏன், என் காலுக்கு என்ன குறைச்சல்?”

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அந்த யார்டுக்குப் போனோம். யார்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் நேராக ஒரு பழைய ஆம்புலன்ஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நோயாளிக்கென்றே செய்த வண்டி, இதைவிட வேறென்ன வேண்டும் என்று நானும் தலையாட்டினேன். மாமா குனிந்து அடியில் பார்த்தார்.

“வயிறு தரையில தேயுது. ஒரு பள்ளம் தாங்காது,” என்றார். பிறகு அக்காவிடம் மெதுவாக, “அதோட, இது நம்ம வாசல்ல நின்னா தெருவே துக்கம் கேக்க வந்துடும்மா,” என்றார்.

அடுத்து ராணுவத்தில் கழித்துக்கட்டிய ஒரு பெரிய டிரக். யானை மாதிரி நின்றது. அக்கா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அவள் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. எக்கி எக்கி கிளட்சை மிதித்தால் ஸ்டியரிங்குக்குக் கை எட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கால் எட்டவில்லை. நான் சிரித்தேன். அவள் முறைத்த முறைப்பில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோனது.

யார்டின் மூலையில், டயர்க் குவியலுக்குப் பின்னால், பெட்டி போல ஒரு பழைய ஜீப் நின்றிருந்தது. உடம்பெல்லாம் ஒடுக்கு. எந்த நிறத்தில் பிறந்ததென்றே சொல்ல முடியாத பெயிண்ட்.

“அதுவா? அது உங்களுக்கு வேண்டாம்மா,” என்றார் யார்டுக்காரர். காட்டவே வெட்கப்பட்டார். “டிரைவிங் ஸ்கூல் வண்டி. இந்த ஊர்ல பாதிப் பேரு அதை இடிச்சு இடிச்சுத்தான் ஓட்டப் பழகினாங்க.”

மாமா அதற்குள் பானெட்டைத் தூக்கிவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தவர் வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. “கம்ப்யூட்டர்னு ஒண்ணுமே இல்ல. வயரும் கொஞ்சம்தான். டீசலும் காத்தும் உள்ள போனா ஓடும், அவ்வளவுதான். காத்து இழுக்கற குழாயை மட்டும் மேல தூக்கி வெச்சா நெஞ்சளவு தண்ணியில கூட மூச்சு விடும். இத்தனை பேரு கையில அடி வாங்கியும் சாகாத வண்டி இனிமேயா சாகப் போகுது?”

பிறகு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அங்கேதான் விஷயமே இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியென்பதால், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருந்தன. ஒரு பக்கம் மிதித்தால் இன்னொரு பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு இரும்புக் கம்பி இணைத்திருந்தது. மாமாவின் கால் தானாகப் போய் அந்தப் பெடலில் உட்கார்ந்தது. கால் நடுங்கியது, ஆனால் எடுக்கவில்லை. ரொம்ப நாளாகத் தொலைத்துத் தேடிய சாமான் கையில் அகப்பட்டவர் மாதிரி அவர் முகம் மாறிப்போனது. முதுகு நிமிர்ந்தது. எதிரே டயர்க் குவியலைத் தவிர ஒன்றுமில்லை. அவர் அதையே ஒரு பெரிய சாலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுதான்,” என்றாள் அக்கா.

“ஓட்டியே பார்க்கலையேக்கா!”

“பார்த்தாச்சு,” என்றாள். அவள் வண்டியைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு ‘வாத்தியார்’ என்று பெயர் விழுந்தது. ஏற்பாடு இதுதான்: ஸ்டியரிங் அக்காவுக்கு, பக்கத்து சீட்டு மாமாவுக்கு. அவள் தடுமாறினால் அவர் காலால் பிடித்துக்கொள்வார். முதல் நாள் மாமா தன் பக்கத்துக் கிளட்சை மிதித்ததும் அக்காவின் காலடியில் பெடல் தானாக இறங்க, “ஐயோ, உள்ள யாரோ இருக்காங்க!” என்று அலறிவிட்டாள். மாமா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் வருஷக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தத் தெருவின் மூலை முடுக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. வெறுங்காலோடுதான் ஓட்டினாள். தைக்கும்போது எப்படியோ அப்படியே.

லைசென்ஸ் எடுக்கப் போனபோது நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பயம் யாரை விட்டது, சத்தமில்லாமல் கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டார் போல. வண்டி நகர்ந்ததும் அக்கா சாலையைப் பார்த்தபடியே, “சார், காலை எடுத்துடுங்க. பெடல் கனமா இருக்கு,” என்றாள். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. காலை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வேறெதுவும் சோதிக்காமல் பாஸ் போட்டுவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் சொன்னது அப்போது புரியவில்லை. ஏதோ இன்ஸ்பெக்டரைக் கலாய்க்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு வண்டியைத் தயார் செய்யும் வேலை நடந்தது. காற்றுக் குழாயைக் கூரை வரைக்கும் உயர்த்தினார்கள். பின் சீட்டில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, மாமா படுக்கும்படி பலகை போட்டு மெத்தை தைத்தாள். கயிறு, குடிதண்ணீர், மருந்துப் பை எல்லாம் எப்போதும் வண்டியிலேயே இருக்கும். பேட்டரி செத்தாலும் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம் என்று, வாத்தியாரை எப்போதும் தெருவின் இறக்கத்தில் மூக்கைக் கீழே பார்க்க வைத்துத்தான் நிறுத்துவாள். மாமா லாரிக்காரர்களின் ஒரு வித்தையையும் சொல்லிக்கொடுத்தார். ஆழமான தண்ணீரைக் கடக்கும்போது வண்டி முகத்தின் குறுக்கே தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், இஞ்சின் பக்கம் தண்ணீர் இறங்கிப் பள்ளமாகிவிடும். நிற்காமல் ஒரே சீராகப் போனால் பள்ளமும் கூடவே வரும். நின்றால் தண்ணீர் மொத்தமும் உள்ளே புகுந்துவிடும். அக்கா வாத்தியாருக்கு அளவெடுத்து, கொக்கியெல்லாம் வைத்து, சட்டை தைப்பது போல ஒரு தார்ப்பாய் தைத்தாள். தெருவில் எல்லோரும், “கப்பல் எப்பக்கா கிளம்புது?” என்று கிண்டல் செய்தார்கள். “உனக்கு மட்டும் இடம் கிடையாது,” என்று அவளும் விடமாட்டாள்.

மாமா தினமும் ஒரே பாடத்தை ஒப்பிப்பார். “தண்ணில இறங்கினா ஒரே கியரு. கிளட்சைத் தொடாதே, பிரேக்கைத் தொடாதே. ஏத்தாதே, இறக்காதே. நின்னோம்னா செத்தோம்.”

“மூட்டு விழாம ஒரே தையல். புரியுது,” என்பாள் அக்கா.

மழைக்காலம் தொடங்கியதும், ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லி மாமா வாத்தியாரை எதிர்ப்பட்டறைக்கு விட்டுவரச் சொன்னார். மறுநாள் வண்டி திரும்பி வந்தது. அதில் விசேஷம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மாமாவுக்கு ஆஸ்பத்திரி நாள் வந்தபோது பாலம் மூழ்கியிருந்தது. மேலே அணையில் இன்னும் தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள், நாளைக்கு இதைவிட மோசமாகும் என்று ரேடியோ சொன்னது. மாமாவின் பாதம் வீங்கிப் பளபளத்தது. பேசும்போதே நடுவில் மூச்சு வாங்கினார். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு முந்தைய நாளே வந்திருந்தேன்.

“மீட்புப் படகுக்குச் சொல்லிப் பார்ப்போமாக்கா?” என்றேன்.

“போன தடவை சொன்னோமே,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்கா வாத்தியாரின் முகத்தில் தார்ப்பாயை மாட்டி இழுத்துக் கட்டினாள்.

பாலத்தை நெருங்கும்போது காலை வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. கரையில் கார்கள் வரிசையாக நின்றன. எங்கள் கடையில் வாங்கியவை இரண்டு மூன்று இருந்தன. ஒன்றின் சொந்தக்காரர் என்னைப் பார்த்துக் கையாட்ட, நான் அவசரமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியபோது ஆறு தெரிந்தது. அம்மாடி! அது ஆறே இல்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த, முழங்கால் நனையாமல் கடந்த அந்த ஆறு எங்கே போனதோ தெரியவில்லை. ஊரையே கரைத்துக் குடித்தது போலச் செம்மண் நிறத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேரோடு ஒரு மரம் நிதானமாகப் போனது. ஆற்றின் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நாம் என்னத்தைச் சொல்லிப் பீற்றிக்கொள்கிறோம் என்று தோன்றியது.

காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். “டிராக்டர் மட்டும்தாம்மா போகுது. திரும்பிடுங்க!”

“என் வீட்டுக்காரருக்கு இன்னிக்கு டயாலிசிஸ். இன்னிக்குப் போகலைன்னா நாளைக்குப் போறதுக்கு ஆள் இருக்க மாட்டாரு,” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை.

அவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், கூரை மேல் நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை இறக்கிவிட்டார்.

“கால் இருக்குல்ல?” என்று அக்கா மாமாவைக் கேட்டாள்.

“இருக்கு. நீ போ,” என்றார் மாமா. அவர் கால் இரண்டும் பெடல்கள் மேல் இருந்தன.

வாத்தியார் தண்ணீரில் இறங்கியது. தார்ப்பாய் ஆற்றைத் தள்ளியது. முன்னால் ஒரு அலை எழும்பி எங்கள் கூடவே நகர்ந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கதவு வரைக்கும் வந்து உள்ளேயும் கசிந்தது. என் பாதம் நனைந்தது. பாலத்தின் ஓரத்து வெள்ளைக் கல் ஒவ்வொன்றும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. “அந்தக் கல்லுக்கு இந்தாண்ட. நேரா. நேரா,” என்று மாமா மூச்சு வாங்கியபடி வழி சொன்னார். இஞ்சின் சத்தம் ஒரு இழைகூட ஏறவோ இறங்கவோ இல்லை. பல தடவை முன்னறையில் உட்கார்ந்து கேட்ட சத்தம்தான். நீளமான தார்ப்பாயை அக்கா ஒரே ஓட்டத்தில் தைக்கும் சத்தம் அது.

நடு ஆற்றில் மாமா, “ஐயோ அம்மா!” என்று கத்தினார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவர் கால் கட்டை மாதிரி விறைத்து நீண்டு, பிரேக் பெடலைத் தரையோடு தரையாக அழுத்தியது. நான் என் கண்ணால் பார்த்தேன். முடிந்தது, இப்போது வண்டி நிற்கும், தண்ணீர் புகும், மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தேன். மாமாவின் பாதம் இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. அக்கா அவர் அலறலுக்குத் திரும்பவில்லை. வெறும் பாதம் ஆக்ஸிலேட்டரில் அப்படியே ஒட்டி வைத்தது போல இருந்தது. நான் முன்னால் எக்கி மாமாவின் கால் விரல்களை மேல் பக்கமாக வளைத்துப் பிடித்தேன். பிரேக் பழுதாகிவிட்டது, தண்ணீரில் போய்விட்டது, கடவுளே நல்லதாகப் போயிற்று என்று மனசுக்குள் உளறிக்கொண்டிருந்தேன். வண்டியின் மூக்கு மேலே தூக்கியது. சக்கரம் தரையைப் பிடித்தது. அந்தக் கரையில் நின்றவர்கள் கத்திக் கூச்சல் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா பிரேக்கை மிதித்தாள். வாத்தியார் சாதுவாக நின்றது. நான் திருதிருவென்று விழித்தேன். பழுதான பிரேக் எப்படிப் பிடிக்கும்?

மாமாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனதும் நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். சும்மா போய் வந்தது. அக்காவின் பக்கத்துப் பெடல் அசையவே இல்லை. கிளட்சும் அப்படியே. குனிந்து பார்த்தால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பிகளையே காணோம். பெடல் நிமிர்ந்து நிற்பதற்கு மட்டும் யாரோ ஒரு ஸ்பிரிங்கை மாட்டியிருந்தார்கள்.

உள்ளே மாமாவைக் குழாய்களோடு இணைத்திருந்தார்கள். முகத்தில் உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. நான் காதோரம் போய்ச் சொன்னதும் மெல்லச் சிரித்தார்.

“பட்டறையில சொல்லிக் கழட்டச் சொன்னதே நான்தான் மாப்ள. என் காலை எனக்கே நம்ப முடியல. நடுத் தண்ணில இழுத்துக்கிச்சுன்னா, நானே அவளைக் கொன்னுடுவேன். பார்த்தேல்ல, இழுத்துக்கிச்சு.” கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். “அவகிட்ட சொல்லிடாதே. என் கால் கீழ இருக்குன்னு நினைச்சுத்தான் அவ தைரியமா ஓட்டுறா.”

உடம்பு நன்றாக இருந்தவரை வண்டிதான் எல்லாம் என்று வாழ்ந்த மனுஷன், கடைசியாகக் கிடைத்த பெடலையும் தன் வாயால் கழற்றச் சொல்லியிருக்கிறார். அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, ‘இருக்கு, நீ போ’ என்றும் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்தேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். என் வாயில் எது தங்கும்? முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

“ஏன்டா திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்கற? பெடல் விஷயமா?”

“உனக்கு... தெரியுமா?”

“வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்னிக்கே தெரியும்.” அவள் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டாள். “அவர் கால் எப்பவும் அந்தக் கிளட்ச் பெடல் மேலதானே இருக்கும்? அந்த நடுக்கம் கம்பி வழியா வந்து என் காலுக்குக் கேக்கும்டா. லேசா, மெஷின் ஓடற மாதிரி. அன்னிக்கு வண்டியை எடுத்து கிளட்சை மிதிச்சேன். பெடல் லேசா இருந்துச்சு. ஆள் இல்லாத வீட்டுக் கதவு மாதிரி திறந்துக்கிச்சு.”

இன்ஸ்பெக்டரிடம் அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“தெரிஞ்சேவா இன்னிக்கு இறங்கின? கீழ யாருமே இல்லைன்னு தெரிஞ்சே?”

“பயமா இல்லாமலா? நாக்கு ஒட்டிக்கிச்சு. அவரு கத்தினாரே, அப்போ என் உசுரே போயிடுச்சு.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “ஆனா அவரு எனக்காகத்தானே கழட்டினாரு? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு நிம்மதியா உக்காந்திருக்காரு. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்த வண்டியே அந்தப் பெடல்தான். அதைப் போய் நான் ஏன் கேக்கணும்?”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றைப் பார்த்தபோது வந்த மலைப்பு எனக்குத் திரும்ப வந்தது. இந்த முறை அது என் அக்காவின் சேறு படிந்த வெறும் பாதத்தைப் பார்த்து வந்தது. தினம் தினம் பார்த்த கால்தான். மெஷினடியில், அடுப்படியில், வாசலில் என்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வண்டியைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் நான். அன்றைக்கு அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்து, மழையும் நின்ற பிறகு ஒரு நாள், மாமா மதியத் தூக்கத்தில் இருக்கும்போது அக்கா எதிர்ப்பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வரும்போதே தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“அக்கா, அவருதான் சொல்ல வேண்டாம்னு...”

“சரி சரி. கழட்டினது நல்லதுதான். பிரேக்கு அப்படியே இருக்கட்டும். கிளட்சுக்கு மட்டும் கம்பியை மறுபடி மாட்டு. நடுவுல உருவற மாதிரி ஒரு பின் போட்டுக்குடு.”

“எதுக்குக்கா? உங்களுக்குத்தான் இப்ப நல்லா ஓட்ட வருதே.”

“ஓட்டறதுக்கு இல்ல,” என்றாள். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாள், நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வாத்தியார் இறக்கத்தில் மூக்கைக் கீழே பார்த்து நின்றது. மாமா வழக்கம் போலக் காலைப் பெடல் மேல் வைத்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளட்சை மிதித்தாள்.

மாமாவின் கால் கூடவே கீழே இறங்கியது.

அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “கம்பி...” என்றார்.

“மாட்டச் சொன்னேன். தண்ணி வந்தா பின்னை நானே உருவிடறேன்,” என்றாள் அக்கா, சாலையைப் பார்த்தபடி. “மத்த நாள்ல உங்க கால் எனக்குத் தெரியணும்.”

மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. வாத்தியார் தெருமுனை வரைக்கும் இறங்கியது.

“திருப்பம் வருது,” என்றார் பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு. “ரெண்டாவதுக்கு மாத்து.”

“நீங்களே கிளட்சை மிதிங்க, நான் மாத்திக்கறேன்,” என்றாள் அக்கா.

அவர் மிதித்தார். அவள் கியரை மாற்றினாள்.